மதகுக் கோப்பில் ஒன்பது குறிகள் வந்த கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு வரும், கோப்புகளுக்கும் பேச்சு வரும். பறவை பேசுவதை ஒப்புக்கொண்டவர்கள் கோப்பு பேசுவதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே மட்டும் பிகு செய்தால் கதை நகராது.

கொக்கேரி என்று ஓர் ஏரி இருந்தது. ஏரியின் நடுவில் ஒரு மேடு, மேட்டின்மேல் ஒரு கணினி. அதில் ஓடியது லினக்ஸ் என்கிற இயங்குதளம். அதை அங்கே கொண்டுவந்து வைத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. பார்த்துக்கொண்டது ஓர் ஆமை. எந்தக் கோப்பையும் திறக்க, எதையும் யார் பேருக்கும் மாற்ற, புதிதாக ஒரு விதி போட அந்த ஆமையால் முடியும். அதனால் எல்லோரும் அவரை மூலவர் என்று கூப்பிட்டார்கள். கோயில் மூலவரைப் போலவே அவரும் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை.

அந்தக் கணினியில் பூட்டு, தாழ்ப்பாள் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தக் கோப்பையும் படிக்கலாம், திருத்தி எழுதலாம், இயக்கலாம். கொக்கேரிக்காரர்களுக்கு இதில் பெருமை வேறு. பக்கத்துச் சித்தேரியிலிருந்து விருந்தாளி வந்தால், “எங்க ஏரியில ஒளிவுமறைவே கிடையாது, தெரியுமில்ல?” என்று கழுத்தை நீட்டிக்கொண்டு சொல்வார்கள். அந்தப் பெருமை எவ்வளவு நாள் நின்றது என்பதுதான் இனி வருவது.

கணினியில் இருந்த கோப்புகளிலேயே முக்கியமானது மதகுக் கோப்பு. எழுதியவர் ரங்கநாயகம் என்கிற நாமக்கோழி. நெற்றியில் வெள்ளை நாமம், உடம்பெல்லாம் கறுப்பு, மூக்கின்மேல் கோபம். ஏழு வருஷம் மதகைச் சுற்றிச் சுற்றி நீந்திப் பார்த்து எழுதிய கோப்பு அது. அதில் ஓர் எண் இருக்கும். கோப்பை இயக்கினால் அது முதலில் ஏரிக்குள் வரிசையாகக் கோடு போட்டு நிற்கும் அளவுக்கல்லைப் பார்க்கும். நீர் அந்த எண்ணுக்கு மேலே போயிருந்தால் மதகுப் பலகையைத் தூக்கும், எண்ணுக்கு இறங்கியதும் மூடிவிடும். ரங்கநாயகம் எழுதி வைத்த எண் நான்கு.

நான்கு என்பது சும்மா வாயில் வந்த எண் இல்லை. நீர் நான்காம் கோட்டில் நின்றால் ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களின் அடி முழுகியிருக்கும், நரி நடந்து வந்து மரத்தில் இருக்கும் குஞ்சுகளைத் தொட முடியாது. அதே சமயம் கரைச் சரிவில், கூழாங்கல்லுக்கு நடுவே தரையில் முட்டையிடும் ஆட்காட்டிகளுக்கும் ஈரம் எட்டாது. ஒரு கோடு இறங்கினால் அவர்களுக்கு ஆபத்து, ஒரு கோடு ஏறினால் இவர்களுக்கு ஆபத்து.

அஞ்சலை என்கிற ஆட்காட்டி அப்படித்தான் சரிவில் நான்கு முட்டை இட்டிருந்தாள். கொஞ்சம் மேலே போய் வைக்கக் கூடாதா என்றால், மேலே மாடு மிதிக்கும். வெயில் கொதிக்கும் நேரத்தில் ஓடிப்போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளின்மேல் உட்காருவாள். அப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்ட முட்டைகள்.

ஒருநாள் வீரபத்திரன் என்கிற நீர்க்காகம் மேட்டுக்கு வந்தான். மதகைத் திறந்தால் வேகமாக ஓடும் தண்ணீரில் மீன் தானாக வந்து வாயில் விழும் என்று அவனுக்குத் தெரியும். நான்கை அழித்து இரண்டு என்று எழுதினான், கோப்பை இயக்கினான், வயிறு முட்டத் தின்றான், கட்டையின்மேல் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எண்ணைத் திருப்பி எழுத வேண்டும் என்ற நினைப்பே இல்லை. தின்றவனுக்கு அதெல்லாம் எங்கே நினைவிருக்கும்?

மறுநாள் காலையில் நரி கருவேல மரத்தடிவரை சேற்றை மிதித்துக்கொண்டு நடந்து வந்தது. மரத்தில் சௌந்தரம் என்கிற கூழைக்கடா மூன்று குஞ்சுகளை வைத்திருந்தாள். சிறகை அடித்துக் கத்திக் கத்தி அதை விரட்டினாள். நரி போனதும் பறந்து வந்து கோப்பைப் பார்த்தாள். இரண்டு என்று இருந்தது. “யாரோ பாவி இப்படிப் பண்ணியிருக்கானே” என்று திட்டிக்கொண்டே அதை அழித்தாள். நான்கு என்று எழுதினாலே போதும். ஆனால் நரியைக் கண்ட நடுக்கம் இன்னும் தீரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு என்று எழுதிவிட்டுப் போனாள். ரங்கநாயகத்திடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், குஞ்சுகள் பசியில் கத்தவே மறந்துபோனாள்.

நான்கு நாள் கழித்துப் பங்குனி மாதத்தில் காலம் தவறி ஒரு மழை பெய்தது. வரத்து வாய்க்கால் நுரைத்துக்கொண்டு வந்தது. ரங்கநாயகம் பதறவில்லை. மேட்டுக்கு வந்தார், தன் கோப்பைத் தானே இயக்கினார், திரும்பிப் போனார். சொந்தமாக எழுதிய கோப்பை யார் படித்துப் பார்ப்பார்கள்? கோப்பு கல்லைப் பார்த்தது. நீர் ஐந்தில்தான் இருந்தது, எழுதியிருந்ததோ ஆறு. அது பேசாமல் இருந்துவிட்டது. மதகு திறக்கவில்லை.

அவர் விஷயம் தெரிந்து ஓடி வருவதற்குள் அஞ்சலையின் நான்கு முட்டைகளையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அவள் அந்தச் சரிவுக்கு மேலேயே சுற்றிச் சுற்றிப் பறந்தாள். இறங்க இடமும் இல்லை, இறங்கி உட்கார எதுவும் இல்லை. பார்த்தவர்கள் ஒருவருக்கும் அன்றைக்கு இரை இறங்கவில்லை.

சௌந்தரம் வந்து அழுதாள். “நான் வேணும்னு பண்ணல அஞ்சலை. எம் புள்ளைங்களுக்குப் பயந்துதான் பண்ணேன்.”

“தெரியும்க்கா” என்றாள் அஞ்சலை.

ரங்கநாயகத்துக்கோ அவமானம் பொறுக்கவில்லை. நேரே மூலவரிடம் போனார்.

“இனிமே மதகுக் கோப்பை என்னைத் தவிர எவனும் தொடக்கூடாது.”

மூலவர் ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். “எழுதத்தானே கூடாது? படிக்கலாமில்ல?”

“படிக்கவும் கூடாது.”

“மதகுல பாசி எடுக்கிற முக்குளிப்பானுங்க இருக்காங்களே, அவங்க கோப்பை இயக்கி ஓட்டலாமா?”

“நான்தான் சொல்றேனே, என்னைத் தவிர எவனும் கூடாது!”

மூலவருக்கு வாக்குவாதம் பிடிக்காது. கோப்பின் நெற்றியில் ரங்கநாயகத்தின் பெயரை எழுதி, அந்தப் பெயருக்கு மட்டும் மூன்று குறிகள் போட்டார். படிக்க ஒன்று, எழுத ஒன்று, இயக்க ஒன்று. அதற்குப் பிறகு யார் கோப்பின் பக்கத்தில் போனாலும், “யார் அது?” என்று கேட்டது. ரங்கநாயகம் என்றால் திறந்தது. வேறு யார் என்றாலும், “அனுமதி மறுக்கப்பட்டது” என்று ஒரே மாதிரிக் குரலில் சொன்னது. ஏரி முழுக்க அந்த இரண்டு வார்த்தை புதிது. குஞ்சுகள் அதைச் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தன.

முதல் வாரம் ரங்கநாயகம் நிம்மதியாக இருந்தார். இரண்டாம் வாரம் நிம்மதி போய்விட்டது. எண்ணைப் படிக்க யாருக்கும் வழி இல்லாததால் எல்லோரும் அவரிடமே வந்து கேட்டார்கள். விடிந்தால் சௌந்தரம். “அண்ணே, நாலுதானே?” “நாலுதாம்மா.” அவள் போனதும் கொக்குகள், கொக்குகள் போனதும் நாரைகள். முங்கி எழுந்தால் தலைக்கு நேரே யாராவது நிற்பார்கள். நாலு, நாலு, நாலு என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இப்படியே ஒரு மாதம் ஓடியது. போதாக்குறைக்கு வீரபத்திரன் கட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு புரளியைக் கிளப்பினான். “நாலுன்னு சொல்றாரு. உள்ள அஞ்சு போட்டிருக்காரோ, மூணு போட்டிருக்காரோ, யாரு கண்டா?”

அதைக் கேட்ட அன்றைக்கு ரங்கநாயகத்துக்கு வெறுத்தே போய்விட்டது. மழை வரும் அறிகுறி ஒன்றும் இல்லை, வானம் பளிச்சென்று இருந்தது. “ஒரு வேளையாவது நிம்மதியாத் தின்னுட்டு வர்றேன்” என்று யாரிடமும் சொல்லாமல் சித்தேரிக்குக் கிளம்பிவிட்டார்.

இதற்குள் அஞ்சலை அதே சரிவில் இன்னொரு தடவை நான்கு முட்டை இட்டிருந்தாள். ஆட்காட்டிகள் அப்படித்தான், ஓர் ஈடு முட்டை போனால் மறு ஈடு இடும். ஆனால் அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி ஈடு. முட்டைக்குள் குஞ்சுகள் அசையத் தொடங்கியிருந்தன. இன்னும் இரண்டு நாள் போதும், ஓட்டை உடைத்துக்கொண்டு காலூன்றி ஓடிவிடும்.

ரங்கநாயகம் போன அன்று மதியமே மேற்கு மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஏரியில் ஒரு தூறல்கூட இல்லை. மலையில் கொட்டிய மழை மட்டும் வாய்க்கால் வழியாக வந்து சேர்ந்தது. அஞ்சலை முட்டையின்மேல் உட்கார்ந்தபடியே அளவுக்கல்லைப் பார்த்தாள். தண்ணீர் நான்காம் கோட்டைத் தாண்டியிருந்தது. அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவே பத்துக் கூழாங்கல் தூரம் இருக்கும்.

எழுந்து மேட்டுக்குப் பறந்தாள். அங்கே துளசி என்கிற முக்குளிப்பான் ஏற்கெனவே கோப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏழு வருஷமா இந்த மதகுல பாசி எடுக்கிறேன். என்னைப் பார்த்தே யாருன்னு கேட்குது பாரேன்!”

“அண்ணன் எங்க?”

“காணோம். ஏரி பூரா முங்கித் தேடிட்டேன்.”

அஞ்சலை கோப்பிடம் குனிந்து சொன்னாள். “முட்டை போயிடும். கொஞ்சம் திற.”

“அனுமதி மறுக்கப்பட்டது” என்றது கோப்பு. அதன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அதற்குச் சொல்லி வைத்ததை அது செய்தது.

இருவரும் மூலவரைக் கத்தி எழுப்பினார்கள். அவர் கோடைத் தூக்கத்துக்குச் சேற்றுக்குள் இறங்கத் தயாராக இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தூக்கம் கலைந்தது.

“நீங்களே ஓட்டிடுங்க மூலவரே” என்றாள் துளசி.

“அது மட்டும் கேட்காதே. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவசரம்னு நானே இறங்கி ஒரு கோப்பை ஓட்டினேன். நான் ஓட்டினா என்னை எதுவும் தடுக்காது. தப்புப் பண்ணினாலும் தடுக்காது. ஏரி வத்தி, மீனெல்லாம் சேத்துல துடிச்சது, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு முடிவு பண்ணினேன். கதவைத் திறந்து விடுறதோட என் வேலை சரி, உள்ள போய் வேலை பார்க்கிறது அந்தந்த வேலைக்காரங்க.” சொல்லிவிட்டு அவர் அஞ்சலையைப் பார்த்தார். “பழையபடி எல்லோருக்கும் எல்லாத்தையும் திறந்து விட்டுடவா? ஒரு நொடி வேலை.”

அஞ்சலை திரும்பிப் பார்த்தாள். கட்டையின்மேல் வீரபத்திரன் சிறகை மடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

“வேணாம். அதுலதான் முதல் நாலு முட்டையும் போச்சு.”

“அப்ப ஒண்ணு செய்யறேன். ரங்கநாயகம் பேரை அழிச்சிட்டு உன் பேரை எழுதறேன். கோப்பு உன்னுது. நீயே படி, நீயே எழுது, நீயே ஓட்டு. ரெண்டுன்னு போட்டுக்கோ. தண்ணி உன் முட்டைப் பக்கமே வராது, இந்த வருஷமும் சரி, எந்த வருஷமும் சரி.”

அஞ்சலைக்கு ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு முறை எழுதிவிட்டால் போதும், இனி மேகத்தைக் கண்டால் அளவுக்கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அந்த எண்ணை அவள் மனதுக்குள் எழுதியே பார்த்துவிட்டாள். எழுதிய கையோடு கருவேல மரமும் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே சௌந்தரத்தின் மூன்று குஞ்சுகளும் பறக்கத் தெரியாமல் சிறகை அடித்துக்கொண்டிருந்தன. நீர் இரண்டுக்கு இறங்கினால் நரி வரும்.

“எனக்கு எழுத வேணாம். ரெண்டுன்னு போட்டா சௌந்தரம் அக்கா புள்ளைங்களை நரி தின்னுடும்” என்றாள். “அண்ணன் எழுதின நாலு சரியான கணக்கு. அது அவரு பேர்லயே இருக்கட்டும். இருக்கிற எண்ணைப் படிச்சு, அப்படியே ஓட்டினா எனக்குப் போதும்.”

“அப்படி ஒரு வழியே இல்லையேம்மா. ஒண்ணு அவன் ஒருத்தன். இல்லேன்னா ஊரு முழுக்க.”

“ஒருத்தருக்கும் ஊருக்கும் நடுவுல யாருமே இல்லையா? மதகுல வேலை பார்க்கிறவங்க இருக்காங்களே, அவங்க கணக்குல வரமாட்டாங்களா?”

இத்தனை காலம் கணினியைக் கட்டிக் காத்த மூலவருக்கு இது தோன்றவே இல்லை. அவர் அவசரமாக நடந்ததை அன்றுதான் ஏரி பார்த்தது. கோப்பின் நெற்றியில் ரங்கநாயகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘மதகுக் கூட்டம்’ என்று எழுதினார். அந்தக் கூட்டத்தில் யார் யார் என்று தனியாக ஒரு பட்டியல் போட்டார். துளசி, அவள் தங்கை, கரையிலிருந்து நீரைக் கவனிக்கிற அஞ்சலை. பிறகு ரங்கநாயகத்தின் மூன்று குறிகளுக்கு அடுத்தபடியாகக் கூட்டத்துக்கும் மூன்று இடம் ஒதுக்கினார். படிக்க ஒரு குறி போட்டார். எழுதும் இடத்தில் குறி போடாமல் ஒரு சின்னக் கோடு இழுத்தார். இயக்க ஒரு குறி போட்டார்.

“போ, ஓட்டு!”

அஞ்சலை பாய்ந்து போய்க் கோப்பைத் தொட்டாள்.

“அனுமதி மறுக்கப்பட்டது.”

துளசி தலையில் அடித்துக்கொண்டாள். மூலவர் பட்டியலைப் பார்த்தார், குறிகளைப் பார்த்தார், எல்லாம் சரியாகவே இருந்தது. கரையில் தண்ணீருக்கும் முட்டைக்கும் நடுவே இரண்டே கூழாங்கல் தூரம்.

“ஆ, என் புத்தி!” என்றார் மூலவர். “நீ மேட்டுக்குள்ள வந்தப்ப கூட்டத்துல இல்லை. உள்ள வர்றவங்க எந்தக் கூட்டம்னு மேட்டு வாசல் அப்பவே எழுதி வெச்சுக்கும், உன்னையும் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கு. வெளியே போயிட்டுத் திரும்ப உள்ள வா, ஓடு!”

அஞ்சலை மேட்டைவிட்டு வெளியே பறந்து, ஒரு வட்டம் அடித்து, மறுபடி வாசல் வழியாக உள்ளே வந்தாள். “யார் அது?” என்று கேட்டது கோப்பு. “அஞ்சலை. மதகுக் கூட்டம்.”

கோப்பு திறந்தது. அவள் எண்ணைப் படித்தாள். நான்கு. நாலுதாம்மா, நாலுதாம்மா என்று தொண்டை கட்டக் கட்டச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவள் இயக்கினாள். கோப்பு கல்லைப் பார்த்தது, நீர் நான்குக்கு மேலே. மதகுப் பலகை கிறீச்சென்று மேலே ஏறியது. பாசி வந்து மதகு வாயை அடைத்துக்கொள்ள, துளசி முங்கிப் போய் இழுத்து எறிந்தாள். தண்ணீர் திமுதிமுவென்று வெளியே பாய்ந்தது.

அஞ்சலை கரைக்குத் திரும்பியபோது ஒரு முட்டையின் அடி நனைந்திருந்தது. அவ்வளவுதான். தண்ணீர் அங்கேயே கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்வாங்கியது. அவள் நான்கையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள், அதற்கப்புறம்தான் அழுதாள்.

ரங்கநாயகம் சாயங்காலம் திரும்பி வந்தார். வழியிலேயே சேதி கிடைத்துவிட்டது. நாமம் சிவக்காத குறையாக மேட்டில் வந்து இறங்கினார்.

“என் கோப்பை யாரு தொட்டது?”

“நான்தாண்ணே” என்றாள் அங்கே காத்திருந்த அஞ்சலை. கொஞ்ச நேரம் முட்டையைப் பார்த்துக்கொள்ளத் தன் புருஷனை உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள்.

அவர் விறுவிறுவென்று போய்க் கோப்பைத் திறந்து படித்தார். தான் எழுதியது எழுதியபடியே இருந்தது. ஓர் எழுத்து மாறவில்லை. மேலே பார்த்தார், தன் பெயர் தன் பெயராகவே இருந்தது. அதற்கு அடுத்தபடியாகப் புதிதாக மூன்று இடம், அதில் எழுதும் இடத்தில் ஒரு கோடு.

“அந்தக் கோடு அவளே கேட்டு வாங்கினது” என்றார் மூலவர். “கோப்பையே அவ பேருக்கு மாத்தித் தர்றேன்னேன். வேணாம்னுட்டா. ரெண்டுன்னு எழுதிக்கோன்னும் சொன்னேன். சௌந்தரம் புள்ளைங்களை நரி தின்னுடும்னா.”

ரங்கநாயகம் இறகைக் கோதினார், கோதிய இறகையே மறுபடி கோதினார். கோபக்காரர்களுக்குக் கோபம் போன பிறகு என்ன செய்வது என்று தெரியாது. கடைசியில், “ஊருல என்னைச் சந்தேகப்படுறாங்கம்மா” என்றார், குழந்தை புகார் சொல்வதைப் போல.

“படிக்க விடுங்கண்ணே. படிச்சுப் பார்த்தா யாரு சந்தேகப்படப் போறா?”

அவர் யோசித்தார். பிறகு கூட்டத்தின் மூன்று குறிகளுக்கு அப்பால், கடைசியாக இன்னும் மூன்று இடம், கோப்புக்கு உடையவர் என்ற உரிமையில், தன் அலகாலேயே போட்டார். அது மற்ற எல்லோருக்கும். படிக்க ஒரு குறி. எழுத ஒரு கோடு. இயக்க ஒரு கோடு. வீரபத்திரன் முதல் ஆளாக வந்து படித்தான். நான்கு என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேன்” என்று கூசாமல் சொல்லிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் சௌந்தரம் கோப்பைப் படித்துவிட்டுப் பேசாமல் மரத்துக்குத் திரும்பினாள். ரங்கநாயகம் முங்கி எழுந்தபோது தலைக்கு நேரே யாரும் இல்லை. வயிறாரத் தின்றார்.

அதற்கு அடுத்த நாள் அஞ்சலையின் நான்கு முட்டைகளும் பொரிந்தன. மற்ற கோப்புக்காரர்களும் இதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் அப்படியே போட்டுக் கொடுங்கள் என்று மூலவரிடம் வரிசையில் நின்றார்கள். அவர் அந்தக் கோடையில் தூங்கவே இல்லை.

அன்று முதல்தான் லினக்ஸில் எந்தக் கோப்பை விசாரித்தாலும் அது தன் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒன்பது குறிகளைக் காட்டுகிறது. முதல் மூன்று உடையவருக்கு, நடு மூன்று கூட்டத்துக்கு, கடைசி மூன்று மற்ற எல்லோருக்கும். அதில் அந்த நடு மூன்றும் நான்கு முட்டைகளுக்காக வந்தவை.